படமும் பண்டமும்



யாழ்ப்பாணத்துப் புகையிலை கடல் கடந்து திருவிதாங்கூருக்குச் சென்ற காலத்தில், அதனை வாங்க வந்தவர் சிப்பத்தினின்றும் ஓர் இலையை உருவி எடுப்பார். விரல்களுக்கிடையே வைத்து நீவிப் பார்ப்பார். மூக்கின் அருகே கொண்டு செல்வார். அதன் பின்னரே விலை பேசத் தொடங்குவார். சங்கு வாங்க வந்தவரும் அவ்வாறே. கையிலே தூக்கி நிறை பார்த்து, புழு அரித்த துளை ஏதும் உண்டோ என்று திருப்பிப் பார்த்த பின்னரே அவர் வாய் திறப்பார். இதனை மாதிரி பார்த்தல் என்பர். வாணிகம் தோன்றிய நாள் தொட்டு விற்பவனுக்கும் வாங்குபவனுக்கும் இடையே நம்பிக்கையை உண்டாக்கிய வழி இதுவே.

எங்கள் தீவகத்து மக்கள் இவ்வழியில் நெடுங்காலம் பழகியவர்கள். புங்குடுதீவு, வேலணை, நயினாதீவு, காரைநகர் முதலிய ஊர்களிலிருந்து புறப்பட்டுக் கொழும்பிலும் தென்னிலங்கைப் பட்டினங்கள் பலவற்றிலும் சுருட்டுக் கடையும் பலசரக்குக் கடையும் உணவுச்சாலையும் நடத்தியவர்கள் எத்தனை பேர் என்பது உங்களிற் பலருக்குத் தெரியும். அவர்களுக்கு விளம்பரம் என்று தனியே ஒன்று வேண்டியிருக்கவில்லை. கடை வாயிலில் வரிசையாக நின்ற கண்ணாடிப் போத்தல்களும், தூக்கிக் கட்டிய வாழைக்குலையும், மேசைக்குப் பின்னால் வேட்டியுடன் அமர்ந்திருந்த முதலாளியின் முகமுமே விளம்பரம்.

இன்றோ நிலைமை வேறு. நெடுந்தீவில் இழைத்த நீத்துப்பெட்டியை வாங்க விரும்புபவர் ரொறன்ரோவில் ஒரு மாடிக் குடியிருப்பில் இருக்கிறார். ஊர்காவற்றுறையிற் பதப்படுத்திய ஒடியல் மாவைத் தேடுபவர் இலண்டனில் இருக்கிறார். 1990, 1991 ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்வுக்குப் பின்னர் தீவகத்திலுள்ள வீடுகளிற் பல பூட்டிக் கிடக்கின்றன. அவ்வீடுகளுக்குரியவர்கள் உலகெங்கும் பரந்து வாழ்கின்றனர். ஊர்ப் பண்டத்தின்மேல் அவர்களுக்குள்ள பற்று மாறவில்லை. ஆனால் அவர்கள் கை இங்கு எட்டாது. இலையை உருவி முகர்ந்து பார்க்க வழியில்லை. கை செல்ல இயலாத அத்தொலைவுக்கு இன்று செல்வது நிழற்படம் ஒன்றே. அந்த நிழற்படத்தை முறையாக எடுப்பது எவ்வாறு, அதனால் விற்பவர் பெறும் பயன் யாது, அதில் நேரக்கூடிய தீங்கு யாது என்பவற்றையே இப்பேச்சில் விளக்க எண்ணுகிறேன்.

நிழற்படம் என்றவுடன் நம்மவர் மனத்தில் முதலில் தோன்றுவது கலியாணப் படம். அடுத்துத் தோன்றுவது அடையாள அட்டைப் படம். வாணிக நிழற்படம் இவ்விரண்டினும் வேறானது. கலியாணப் படத்தைப் பார்ப்பவர் மணமக்களை முன்னரே அறிந்தவர். படம் சற்று மங்கியிருந்தாலும் அவருக்கு மகிழ்ச்சி குறையாது. வாணிகப் படத்தைப் பார்ப்பவரோ பண்டத்தை ஒருபோதும் கண்டிராதவர். இது எவ்வளவு பெரிது, எதனாற் செய்தது, அடிப்பாகம் உறுதியானதா, மூடி பொருந்துமா, என் வீட்டில் இதனை எங்கே வைப்பேன் என்று அவர் மனம் வினவிக்கொண்டே இருக்கும். இவ்வினாக்களுக்கு வாய் திறவாமல் விடை சொல்லும் படமே நல்ல வாணிகப் படம். அழகு அதற்குப் பின்னர் வருவது.

அண்மையில் நான் கண்ட ஒரு செய்தியைச் சொன்னால் இது தெளிவாகும். தீவகத்துச் சங்கமொன்று, பெண்கள் இழைத்த பனையோலைப் பெட்டிகளை வெளிநாட்டில் விற்க விரும்பியது. பெட்டிகள் குறையொன்றும் சொல்ல முடியாதவை. சிவப்பும் பச்சையும் ஊட்டிய சார்வோலை கலந்து நுண்ணிதாய்ப் பின்னியவை. ஒருவர் அவற்றை இரவில், குழாய் விளக்கின் கீழ், பூப்போட்ட மேசை விரிப்பின்மேல் வைத்துக் கைத்தொலைபேசியாற் படமெடுத்து அனுப்பினார். மறுமொழி விரைவில் வந்தது: இவை பிளாத்திக்குப் பெட்டிகளா என்று கேட்டிருந்தார்கள். இழைத்தவர்களின் ஒரு மாத உழைப்பு அந்த ஒற்றை வினாவிலே கரைந்து போயிற்று. பெட்டியிற் பிழையில்லை, ஒளியிலேதான் பிழை.

ஒளியைப் பற்றிப் பேசுமுன் இக்கலை வாணிகத்துள் நுழைந்த வரலாற்றைச் சிறிது நோக்குவோம். பிரான்சு நாட்டில் டகேர் என்பார் கண்ட முறை 1839 ஆம் ஆண்டில் உலகுக்கு வெளியிடப்பட்டது. ஆயினும் அதன் பின்னர் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் நிழற்படத்தை நேரே செய்தித்தாளில் அச்சிட வழியில்லை. படத்தைப் பார்த்து மரக்கட்டையிற் செதுக்கியே அச்சிட்டனர். 1880 ஆம் ஆண்டளவில், படத்தை நுண்ணிய புள்ளிகளாகப் பிரித்து அச்சிடும் முறை நியூயோர்க்குச் செய்தித்தாளொன்றில் கையாளப்பட்டது. பெரிய புள்ளி கருமையாயும் சிறிய புள்ளி வெண்மையாயும் கண்ணுக்குத் தோன்றும். இன்றும் ஒரு தேயிலைப் பெட்டியின் மேலுள்ள படத்தை உருப்பெருக்கி கொண்டு நோக்கினால் அப்புள்ளிகளைக் காணலாம். இந்தப் புள்ளி முறை வந்த பின்னரே கடைக்காரனுடைய படம் ஆயிரக்கணக்கான வீடுகளுக்குச் செல்லலாயிற்று.

எங்கள் நாட்டில் இதற்கு விளக்கமான சான்று தேயிலைதான். கோப்பிப் பயிரை 1869 ஆம் ஆண்டிற் பற்றத் தொடங்கிய இலைநோய் அத்தொழிலை அழித்தது. தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. கொழும்பில் 1860 ஆம் ஆண்டுகளிலிருந்து தொழில் நடத்திய ஸ்கீன் கொம்பனியார் தோட்டங்களையும், கொழுந்து பறிப்போரையும், தொழிற்சாலைகளையும் படம் பிடித்தனர். 1890 ஆம் ஆண்டிற் பிளாட்டே கொம்பனி தோன்றி அஞ்சலட்டைப் படங்களைப் பெருவாரியாக வெளியிட்டது. அதே 1890 இல் தோமஸ் லிப்டன் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கினார். பலசரக்குக் கடைக்காரராகிய அவர், தேயிலையைச் சிறு பொதிகளிற் கட்டி, தோட்டத்திலிருந்து நேரே தேநீர்ப் பாத்திரத்துக்கு வருவது என்று விளம்பரம் செய்தார். கூடை சுமந்த தமிழ்ப் பெண்ணின் உருவம் அவ்விளம்பரங்களிற் பெரிதும் இடம்பெற்றது. சிக்காகோ நகரில் 1893 ஆம் ஆண்டு நடந்த உலகக் கண்காட்சியிலே இலங்கைக்கென ஒரு மண்டபம் அமைத்துத் தேநீர் வழங்கினர். அமெரிக்காவிற் காலூன்ற இலங்கைத் தேயிலைக்கு இவை யாவும் துணை நின்றன.

1932 ஆம் ஆண்டில் இலங்கைத் தேயிலைப் பிரசார சபை அமைந்தது. அச்சபையார் தேயிலைக்கு விளம்பரமாகும் என்று கருதிப் பொருள் உதவ, பாசில் ரைற் என்னும் ஆங்கிலேயர் இங்கு வந்து எடுத்த சலனப்படம் 1934 இல் வெளியாயிற்று. இலங்கையின் பாடல் என்பது அதன் பெயரின் பொருள். கொழும்பைச் சேர்ந்த லயனல் வென்ற் அதற்குத் துணையாக நின்றதோடு, அதன் விளக்கவுரையையும் தம் குரலிலே படித்தார். அடுத்த ஆண்டில் அப்படம் பிரசெல்சு நகரிற் பரிசு பெற்றது. வியாபாரத்துக்காக எடுத்த படம் கலையாகாது என்று கருதுவோர் உளர். அவர்கள் இந்தப் படத்தை ஒருமுறை பார்ப்பது நன்று. வென்ற் 1944 இல் மறைந்தார்; அவர் எடுத்த நிழற்படங்களின் தொகுப்பு 1950 இல் இலண்டனிலே நூலாக வெளிவந்தது.

இவ்விடத்தில் ஒன்று சொல்லாமல் அப்பாற் செல்ல என் மனம் ஒப்பவில்லை. எந்தத் தமிழ்ப் பெண்ணின் முகம் இலங்கைத் தேயிலைக்கு உலகெங்கும் முத்திரையாக விளங்கியதோ, அந்தப் பெண்ணின் இனத்தவருட் பெரும்பாலோர் 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராயினர். படத்தில் அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். பண்டத்தை விற்கும் படம் அதனைச் செய்தவரின் வாழ்வைச் சொல்லாமலே விற்கவும் கூடும் என்பதற்கு இதனினும் பெரிய எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. இதனை மனத்திற் கொண்டு எங்கள் பனைத்தொழிலுக்கு வருவோம்.

முதலில் ஒளி. எங்கள் தீவுகள் ஏறக்குறைய ஒன்பதரைப் பாகை வட அகலக்கோட்டில் உள்ளன. சித்திரை மாதத் தொடக்கத்திலும் ஆவணி மாதத்திலும் நண்பகலிற் சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கிறது. அவ்வேளையில் ஒரு கடகத்தை முற்றத்தில் வைத்துப் படமெடுத்தால் வாய் வெளுத்தும் வயிறு கறுத்தும் தோன்றும். பின்னலின் மேடு பள்ளம் ஒன்றும் தெரியாது. பின்னல் தெரிய வேண்டுமானால் ஒளி பக்கத்திலிருந்து சாய்வாக விழ வேண்டும். அவ்வாறு விழும்போது ஒவ்வோர் ஓலையும் தன் அயல் ஓலைமேல் மெல்லிய நிழலை வீழ்த்தும். அந்த நிழலே பின்னலைக் கண்ணுக்குக் காட்டுவது. ஆகவே காலை எட்டு மணிக்கு முன்னரோ, மாலை நான்கரை மணிக்குப் பின்னரோ எடுக்கலாம். அதனினும் எளிய வழி, வெயில் நேரே விழாத சன்னலின் அருகே மேசையைப் போட்டு, சன்னலின் குறுக்கே வெள்ளை வேட்டியொன்றைத் தொங்கவிடுவது. வேட்டி ஒளியைப் பரப்பி மென்மையாக்கும். எதிர்ப்பக்கத்தில் ரெஜிபோம் அட்டையொன்றை நிறுத்தினால் அது ஒளியைத் திருப்பியனுப்பி இருண்ட பக்கத்தைச் சற்றுத் தெளிவிக்கும். பட்டினத்துப் படப்பிடிப்பாளர் பெரும் பணம் கொடுத்து வாங்கிய கருவிகளாற் செய்வதும் பெரும்பாலும் இதுவே.

அடுத்தது கமராவின் ஒரு குணம். இதனை அறியாமையாலேயே நம் பண்டங்கள் பல படத்திற் கெடுகின்றன. கமராவிலுள்ள ஒளிமானி, தன் முன்னுள்ள காட்சி முழுவதும் சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறமானது என்று எண்ணிக்கொள்கிறது. விழும் ஒளியில் ஏறத்தாழ 18 வீதத்தைத் திருப்பியனுப்பும் சாம்பல் அது. வெள்ளைத் தட்டிலே வெள்ளை ஒடியல் மாவை வைத்து எடுத்தால், கமரா அதனையும் சாம்பலாக்கிவிடும். மா பழுதாகிப் போனதுபோல் தோன்றும். பனங்கட்டியைக் கறுத்தப் பலகைமேல் வைத்து எடுத்தாலோ, அதனையும் சாம்பலை நோக்கி இழுத்து, ஆழ்ந்த பழுப்பு நிறத்தை வெளிறச் செய்யும். ஆதலால் வெண்பண்டத்துக்குக் கமரா தானே கணித்ததினும் ஒன்று அல்லது ஒன்றரைப் படி கூடுதலாக ஒளி கொடுக்க வேண்டும். கரும்பண்டத்துக்கு அவ்வளவு குறைக்க வேண்டும். இன்றைய கைத்தொலைபேசிகளிலும், திரையைத் தொட்டு விரலை மேலும் கீழும் அசைத்து இதனைச் செய்யலாம். எங்கள் பாடசாலைப் பிள்ளைகளுக்கு இதனை ஒருமுறை காட்டினேன். ஒரு வாரத்துக்குள் அவர்கள் எனக்குக் கற்பிக்கத் தொடங்கிவிட்டனர்.

நிறமும் அவ்வாறே. பகல் வெளிச்சத்துக்கு ஒரு நிறம், குழாய் விளக்குக்கு ஒரு நிறம், பழைய மின்குமிழுக்கு ஒரு நிறம். நம் கண் இவற்றைத் தானாகவே சரிசெய்துகொள்ளும். கமரா எப்பொழுதும் அவ்வாறு செய்யாது. குழாய் விளக்கின் கீழே காய்ந்த குருத்தோலையின் பொன்னிறம் பச்சை பாய்ந்து தோன்றும். நான் மேலே சொன்ன பெட்டிகள் பிளாத்திக்காய்த் தெரிந்ததும் இதனாலேதான். பகல் வெளிச்சமும் விளக்கு வெளிச்சமும் கலந்த இடமோ இன்னும் தீது. விளக்கை அணைத்துவிட்டுச் சன்னலை மட்டும் நம்புவதே நலம்.

பின்னர் உருவம். கைத்தொலைபேசியின் வில்லை அகன்ற காட்சியைக் கொள்வது. அதனைப் பண்டத்துக்கு மிக அருகே கொண்டு சென்றால், அண்மையிலுள்ள விளிம்பு பெருத்தும் தொலைவிலுள்ள விளிம்பு சிறுத்தும் தோன்றும். வட்டமான சுளகு முட்டை வடிவாகிவிடும். இரண்டு மூன்று அடி பின்னே சென்று, வில்லையின் உருப்பெருக்கத்தைக் கூட்டி எடுக்க வேண்டும். அளவு தெரிவதற்கு, எவரும் அறிந்த பொருளொன்றை அருகே வைக்கலாம். கொட்டப்பெட்டியின் பக்கத்தில் வெற்றிலையும் பாக்கும், நீத்துப்பெட்டியின் பக்கத்திற் பிட்டும் தேங்காய்ப் பாதியும் இருந்தால் அளவும் பயனும் ஒருங்கே விளங்கும். வெளிநாட்டிற் பிறந்த பிள்ளை நீத்துப்பெட்டியைக் கண்டதில்லை. கூம்பு வடிவிலுள்ள அதனை அது தொப்பி என்று எண்ணினாலும் வியப்பில்லை. ஆவி பறக்கும் பிட்டு அதிலிருந்து தட்டில் விழும் படமொன்று பத்து வரி விளக்கத்துக்கு ஈடு.

ஒரு பண்டத்துக்கு ஒரு படம் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். வெண்பின்னணியில் முழுப் பண்டமும் தெரிய ஒன்று. அடியும் உட்புறமும் தெரிய ஒன்று. பின்னலை மிக அருகிற் காட்டுவது ஒன்று. பயன்படும் நிலையில் ஒன்று. செய்பவர் கையோடு ஒன்று. இணையத்தில் விற்கும் அமேசன் போன்ற பெருங்கடைகள் முதற்படத்துக்கு விதியே வகுத்துள்ளன. பின்னணி தூய வெண்மையாயிருத்தல் வேண்டும். பண்டம் படத்தின் 85 வீதத்தை நிரப்ப வேண்டும். வாங்குபவர் பெருக்கிப் பார்க்க வேண்டுமானால் நீண்ட பக்கம் 1000 பிக்சலுக்குக் குறையாதிருத்தல் வேண்டும். அச்சிடுவதாயின் கணக்கு வேறு. அங்குலத்துக்கு 300 புள்ளி என்பது அச்சகத்தார் வழக்கு. ஆறு அங்குல அகலமுள்ள சுட்டித்துண்டுக்கு 1800 பிக்சல் வேண்டும். நண்பருக்கு வாட்சப்பில் அனுப்பிய படத்தை எடுத்து அச்சகத்திற் கொடுத்துவிட்டு, படம் கலங்கிவிட்டதென்று அச்சகத்தாரைக் கடிந்துகொள்வோர் உளர். செய்தியோடு அனுப்பும்போதே அப்படம் சுருக்கப்பட்டுவிடுகிறது. மூலப்படத்தையே கொடுத்தல் வேண்டும்.

சோழகக் காற்று வீசும் மாதங்களில் வெளியிற் படமெடுப்போர் வில்லையை அடிக்கடி துடைக்க வேண்டும். உப்புத் துகள் படிந்த வில்லை காட்சியை மூடுபனிபோல் ஆக்கிவிடும்.

இனி, இவையெல்லாம் செய்து பெறும் பயன் யாது? பனங்கட்டியை எடுத்துக்கொள்வோம். ஓலையால் இழைத்த சிறு குட்டானில் வார்த்துக் கொடுப்பது எங்கள் மரபு. அக்குட்டான் தானே ஒரு பொதி. தானே ஒரு முத்திரை. அதனை நீக்கிவிட்டு, பொலித்தீன் பையிலே கட்டிகளைப் போட்டு விற்றால், அது எந்த நாட்டுக் கருப்பட்டி என்று எவருக்கும் தெரியாது. விலையும் அதற்கேற்பவே அமையும். குட்டானோடு எடுத்த படமோ, இது யாழ்ப்பாணத்துப் பனங்கட்டி என்று கண்டவுடன் சொல்லும். 1978 ஆம் ஆண்டு அமைந்த பனை அபிவிருத்திச் சபை கற்பகம் என்னும் பெயருடைய விற்பனை நிலையங்களின் வாயிலாக இப்பண்டங்களை விற்று வருகிறது. கூட்டுறவுச் சங்கங்களும் முயல்கின்றன. ஆயினும் கிராமத்திலே தனித்திருந்து இழைக்கும் பெண்ணிடமிருந்து இடைத்தரகர் பெட்டியை வாங்கும் விலைக்கும், அதே பெட்டி நல்ல படத்தோடு நகரத்துக் கடையில் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி பெரிது. அந்த இடைவெளியில் ஒரு பகுதி வண்டிக்கூலி. ஒரு பகுதி தோணிக்கூலி. எஞ்சியதிற் பெரும்பங்கு, பண்டத்தைக் காட்டத் தெரிந்தமைக்கு ஒருவர் பெறும் கூலிதான். காட்டும் வித்தையை இழைப்பவரே கற்றுக்கொண்டால் அக்கூலியில் ஒரு பங்கேனும் தீவிலேயே தங்கும்.

சிலர் கேட்கலாம்: கைத்தொலைபேசி போதுமாயின் தொழில்முறைப் படப்பிடிப்பாளர் எதற்கு என்று. வாராவாரம் முகநூலில் இடும் படத்துக்கு அவர் வேண்டியதில்லை. ஆனால் சுட்டித்துண்டுக்கும் கண்காட்சிப் பலகைக்கும் விலைப்பட்டியலுக்கும் ஆண்டுக்கணக்கிற் பயன்படப்போகும் படத்துக்கு அவர் வேண்டும். போத்தலிலே அடைத்த பனம்பாணியை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி தன்னெதிரே உள்ள யாவற்றையும் பிரதிபலிக்கும். படமெடுப்பவரின் முகமே அதில் தெரியும். ஒளியைப் பின்னாலிருந்து செலுத்திப் பாணியைச் செந்நிறமாக மிளிரச் செய்து, இரு பக்கமும் கறுப்பு அட்டை நிறுத்திப் போத்தலின் விளிம்பை வரைந்துகாட்டுவது பயின்ற கைக்கே இயலும். ஒவ்வொருவரும் தனித்தனியே அவருக்குப் பணம் கொடுத்தல் ஆகாத காரியம். பத்துப் பேர் சேர்ந்து, பண்டங்களை ஒரே இடத்திற் கூட்டி, ஒரு நாட்கூலிக்கு அவரை அழைத்தால் சுமை பத்தில் ஒன்றாகும். அவ்வாறு அழைக்கும்போது, எடுத்த படத்தை எவ்வெவற்றுக்குப் பயன்படுத்தலாம் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளல் வேண்டும். படத்தின் பதிப்புரிமை படமெடுத்தவரைச் சார்ந்தது என்பதே 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் பொது விதி. பணம் கொடுத்துவிட்டோமே என்று வாளாவிருந்தால் பின்னர் வழக்கு நேரலாம்.

ஊரின் காட்சியும் பண்டத்துக்குத் துணையாகும். நெடுந்தீவின் பவளக்கல் வேலிகள், கட்டாக் குதிரைகள், நயினாதீவுக் கோபுரம் கடலிலிருந்து தோன்றும் தோற்றம், ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே நீரின் நடுவிலுள்ள கடற்கோட்டை ஆகியவை வேறெங்கும் கிடையாதவை. ஆனாலும் இப்பொழுது எதற்கெடுத்தாலும் குதிரையைப் போடும் வழக்கமொன்று கிளம்பியிருக்கிறது. குதிரைக்கும் புழுக்கொடியலுக்கும் என்ன உறவு? படம் பண்டத்தோடு பொருந்த வேண்டும். வடலிக் கூட்டமும், கிழங்கு பிளக்கும் சத்தகமும், வெயிலிற் பாயில் உலரும் ஒடியலும் போதாவா?

இனி, படத்தாற் பொய் சொல்வதைப் பற்றி. ஐக்கிய அமெரிக்காவிலே புகழ்பெற்ற கம்பெல் கொம்பனியார் தம் சூப்பை விளம்பரம் செய்தபோது, கிண்ணத்தின் அடியிற் கண்ணாடிக் குண்டுகளைப் போட்டு, காய்கறித் துண்டுகள் மேலே தெரியுமாறு படமெடுத்தனர் என்று குற்றஞ்சாட்டப்பட்டது. அந்நாட்டு வாணிகக் கண்காணிப்பு ஆணைக்குழு தலையிட, 1970 ஆம் ஆண்டில் அம்முறையைக் கைவிட அவர்கள் இணங்கினர். சூப்பிலே காய்கறி இல்லாமலில்லை. ஆயினும் கண்ணுக்குத் தோன்றிய அளவு இல்லை. எங்கள் நாட்டிலும் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், வாங்குபவரைத் தவறான எண்ணங்கொள்ளச் செய்யும் வாணிக நடத்தையைத் தடை செய்கிறது. படமும் அதனுள் அடங்கும் என்றே கொள்ள வேண்டும். பனங்கட்டியிற் சீனி கலந்துவிட்டுக் குட்டான் படம் போடுவதும், பிறநாட்டுப் பெட்டியின் படத்தை இணையத்திலிருந்து எடுத்து நெடுந்தீவுப் பெட்டி என்று காட்டுவதும் இத்தகையனவே. இப்பொழுது செயற்கை நுண்ணறிவு என்னும் பொறியினிடம் சொன்னால், எவரும் இழைத்திராத பெட்டியின் படத்தையும் அது கணத்தில் தீட்டித் தந்துவிடுகிறது. பார்க்க அழகாயிருக்கும். உற்று நோக்கினால் ஓலை ஒன்றன் மேலும் கீழும் மாறி மாறிச் செல்லாமல் இடையே மறைந்து போகவும் கூடும். இழைக்கத் தெரிந்த கிழவியொருத்தி அதனைப் பார்த்தவுடனே சிரிப்பாள். வாங்குபவருக்கோ பெட்டி கைக்கு வந்த பின்னரே தெரியவரும்.

செய்பவரின் முகத்தைக் காட்டுவது வாங்குபவரின் மனத்தை ஈர்ப்பது உண்மை. பண்டம் பொறியிலிருந்து வரவில்லை, ஒரு மனிதர் கையிலிருந்து வந்தது என்னும் உணர்வை அது தருகிறது. ஆயின் சுற்றுலாப் பயணிகள் திண்ணையிலிருந்து ஓலை வாரும் அம்மாவைக் கேளாமலே படம் பிடித்துச் செல்கின்றனர். அப்படம் பின்னர் எந்த விளம்பரத்தில் ஏறும் என்பது அவருக்குத் தெரிவதில்லை. நாம் அவ்வாறு செய்தல் தகாது. “அம்மா, உங்கள் படத்தைப் பொதியிற் போட விரும்புகிறோம், இன்ன இடத்துக்கு அனுப்பப் போகிறோம், இவ்வளவு தருவோம்” என்று விளக்கிச் சொல்லி, எழுத்தில் உடன்பாடு பெறல் வேண்டும். வேண்டாம் என்றால் கையை மட்டும் எடுக்கலாம். நாற்பது ஆண்டு ஓலை வாரிய கைக்கு முகத்தினும் மிகுதியாகச் சொல்லத் தெரியும்.

இறுதியாக நடைமுறைச் சிக்கல் ஒன்று. நல்ல படத்தைக் கண்டு ஐம்பது பெட்டிக்குக் கட்டளை வந்துவிட்டதென்று வைத்துக்கொள்வோம். படத்திலுள்ள பெட்டி ஊரிலேயே கைதேர்ந்தவர் இழைத்தது. மற்றைய நாற்பத்தொன்பதை வேறு வேறு பெண்கள் இழைப்பர். ஒருவர் வாயை அகலமாக்குவார்; மற்றொருவர் சாயத்தை மாற்றுவார். வந்த பெட்டி படத்தைப் போல் இல்லை என்று ஒரு முறை திரும்பி வந்தால், நெடுந்தீவிலிருந்து குறிகாட்டுவானுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரக் கடற்பயணம், அங்கிருந்து யாழ்ப்பாணம், கொழும்பு, அப்பால் வானூர்தி என்று செலவிட்ட கூலி முழுவதும் இழைத்தவர் தலையிலேயே விழும். ஆகையாற் படமெடுத்த அந்தப் பெட்டியை விற்றுவிடலாகாது. அதன் அடியில் எடுத்த திகதியையும் அளவையும் எழுதி, வேலைக் கொட்டகையில் எல்லோரும் கைநீட்டி எடுக்கக்கூடிய உயரத்திலே தொங்கவிட வேண்டும். புதிதாக இழைக்க வருபவர் அதனைக் கீழே இறக்கி, விரலால் நீவி, வாயை அளந்து, அடியைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தம் ஓலையைக் கையில் எடுப்பார்.